ஸ்டில்லைப் பார்த்துப் பழைய படம் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ் சினிமாவிலிருந்து ஒரு ஸ்டில், கூடவே ஒன்றிரண்டு க்ளூ, படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். நண்பர்களுக்குள் இதை ரொம்ப நாளாக விளையாடுகிறோம். புதிதாகச் சேர்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் பழகியவர்கள் இன்னும் சிக்கலானவற்றோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

முதல்ல இது எப்படி விளையாடுறதுன்னு சொல்லுங்க

ஒருவர் ஸ்டில்லைப் போடுவார், மற்றவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியவில்லை என்றால் க்ளூ ஒவ்வொன்றாக வரும். அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்: பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "பின்னாடி நிற்பது நடிகர் டி.எஸ். பாலையா, தலைப்பாகையைப் பார்த்தால் சரித்திரப் படம், அதனால் இதுவாக இருக்கலாம்" என்று ஒருவர் எழுதினால், விடை தப்பாகவே இருந்தாலும் அடுத்தவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. வெறும் பெயரை எறிந்துவிட்டுப் போனால் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

பழைய படம்னா எந்த வருஷம் வரைக்கும்?

எங்களுக்குள் 1931 முதல் 1980 வரை என்று வைத்திருக்கிறோம். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ்தான் தமிழின் முதல் பேசும்படம், அதனால் தொடக்கத்தில் குழப்பம் இல்லை. முடிவை நீங்கள் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். விளையாடுகிறவர்களில் பாதிப் பேராவது பார்த்திராத காலம் என்று இருந்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

ஸ்டில்லும் ஸ்கிரீன்ஷாட்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது படத்தில் ஓடுகிற ஒரு காட்சியை அப்படியே நிறுத்தி எடுப்பது. ஸ்டில் என்பது படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் தன் கேமராவில் தனியாக எடுத்தது. பெரும்பாலும் ஷாட் முடிந்த பிறகு நடிகர்களைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கச் சொல்லி எடுப்பார். அதனால்தான் பழைய ஸ்டில்களில் எல்லோரும் சற்றுக் கூடுதலாகவே 'நிற்கிறார்கள்', முகத்தில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது, கேமரா இருக்கும் கோணமும் படத்தில் வருகிற கோணமும் ஒத்துப்போவதில்லை. தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியவையும், பேசும் படம், குண்டூசி, பொம்மை மாதிரிப் பத்திரிகைகளில் வந்தவையும் இந்த வகைதான்.

விளையாட்டுக்கு இரண்டையும் வைக்கலாம், ஆனால் எது என்று போடுகிறவர் சொல்லிவிட வேண்டும். ஏன் என்பது கீழே நிறைய இடங்களில் வரும்.

எனக்கு எம்ஜிஆர், சிவாஜி தவிர யாரையும் அடையாளம் தெரியாது. நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முகத்தை விடுங்கள், சுற்றிலும் பாருங்கள். முதலில் பின்னணி. திரைச்சீலையில் வரைந்த மலையும் அரண்மனையும், எல்லோரும் மேடை நாடகம் போல் நம்மைப் பார்த்து வரிசையாக நிற்பதும் என்றால் 1930, 40களில் தேட ஆரம்பிக்கலாம். ஆண்களுக்குத் தோள் வரை தொங்கும் பாகவதர் கிராப் இருந்தால் நம்பிக்கை இன்னும் கூடும், ஏனென்றால் எம்.கே. தியாகராஜ பாகவதரின் அந்தத் தலைமுடியைப் படம் பார்த்தவர்கள் ஊர் முழுக்க வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. இறுக்கமான பேண்ட்டும் உயர்த்திக் கட்டிய பெரிய கொண்டையும் 60கள். காதுக்குக் கீழே இறங்கும் கிருதா, பெல்பாட்டம், அகலமான காலர் என்றால் 70கள்.

அடுத்தது, எடுத்த இடம் செட்டா வெளிப்புறமா என்று பாருங்கள். கிராமத்துக் கதைகூட ஸ்டூடியோவுக்குள் செட் போட்டு எடுக்கப்பட்டதுதான் நெடுநாள் வழக்கம். புழுதியும் வெயிலும் நிஜமான வீட்டுத் திண்ணையுமாகப் படம் முழுக்க நிஜக் கிராமத்திலேயே எடுப்பது, 1977இல் 16 வயதினிலே வந்த பிறகுதான் பரவலாகிறது. விதிவிலக்கு உண்டு, ஆனாலும் முதல் ஊகத்துக்கு இது போதும்.

பின்னாடி ஒரு கட்டடமோ காரோ தெரிஞ்சா வருஷத்தைப் பிடிச்சிடலாமா?

வருஷத்தைப் பிடிக்க முடியாது, ஆனால் 'இதற்கு முன்னால் இல்லை' என்று அடித்துச் சொல்லலாம். சென்னை மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடம் நிமிர்ந்து தெரிந்தால் 1959க்கு முன்னால் போக வேண்டாம். கடற்கரையில் உழைப்பாளர் சிலை தெரிந்தாலும் அதே கணக்கு. ஜெமினி மேம்பாலம் தெரிந்தால் 1973க்குப் பிறகு. மாருதி 800 ஓரமாக நின்றால் அது 1983 டிசம்பருக்கு முன்னால் இருக்கவே முடியாது, ஆக எங்கள் எல்லைக்குள் வராத படம், போட்டவரிடமே கேட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது சுவர்க் காலண்டர். வீட்டுக் காட்சி என்றால் கதவுக்குப் பக்கத்தில் ஒன்று தொங்கும், கடைப்பெயர் கலங்கிக் கிடந்தாலும் கிழமைகளின் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றாம் தேதி எந்தக் கிழமையில் விழுகிறது என்பது தெரியும், மாதமும் தெரிந்தால் அதை வைத்து ஐம்பது வருஷத்தை ஏழெட்டு வருஷமாகக் குறைத்துவிடலாம். தெருக்காட்சியில் சுவரில் ஒட்டிய வேறு படத்தின் போஸ்டரும் இதே அளவுக்கு உதவும். எங்கள் கூட்டத்தில் நடிகர் பெயர் ஒன்றுகூடச் சொல்லத் தெரியாத ஒருவர் சுவர்களை மட்டுமே பார்த்து விடைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கறுப்பு வெள்ளையா இருந்தா 60களுக்கு முன்னாடி, கலரா இருந்தா பின்னாடி, சரியா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த அலிபாபாவும் 40 திருடர்களும், 1956 பொங்கலுக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் கறுப்பு வெள்ளை விடாமல் ஓடியது. அபூர்வ ராகங்கள் 1975, அவள் அப்படித்தான் 1978, இரண்டுமே கறுப்பு வெள்ளைதான். 1958இல் வந்த நாடோடி மன்னனில் ஒரு பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம், ஒரே படத்திலிருந்து இரண்டு விதமாகவும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம்.

ஸ்டில் என்றால் இன்னும் சிக்கல். வண்ணப்படமாகவே இருந்தாலும் அதன் ஸ்டில்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது சகஜம், பத்திரிகை அச்சுக்கு அது போதும், செலவும் குறைவு. ஆக கறுப்பு வெள்ளை ஸ்டில்லை வைத்துப் படத்தின் நிறத்தைச் சொல்லவே முடியாது. மறுபக்கம், இப்போது கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றிய படங்கள் நிறையச் சுற்றுகின்றன. தோல் எல்லோருக்கும் ஒரே பழுப்பாக, புடவை ஒரே சீராக, நிழலில்கூட நிறம் மாறாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜமான பழைய வண்ணப்பிரதி பெரும்பாலும் வெளிறி, சிவப்போ இளஞ்சிவப்போ ஏறிப் போயிருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்து ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும்.

அகலமா இருக்கிற படத்தை வச்சு ஏதாவது சொல்ல முடியுமா?

ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால் முடியும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜ ராஜ சோழன். அதற்கு முந்தைய தமிழ்ப் படம் அவ்வளவு அகலமாக இருந்தால் யாரோ மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், தலைமுடி மேல் விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும். 1964இல் வந்த கர்ணன் போல டிஜிட்டலில் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்ட படங்களில் கவனம் தேவை, புதுப்பிக்கும்போது அகலத் திரைக்கு மாற்றியிருக்கலாம்.

நடிகரோட வயசை வச்சு வருஷம் சொல்றாங்களே, அது நம்பகமா?

பெரும்பாலும் ஆம். பராசக்தியில் ஒல்லியாக அறிமுகமான 1952 சிவாஜியையும் 60களின் சிவாஜியையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். குழந்தை நட்சத்திரங்கள் இன்னும் துல்லியம், ஏனென்றால் குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கிறது. களத்தூர் கண்ணம்மா வந்தது 1960, ஆனந்த ஜோதி வந்தது 1963, இரண்டிலும் கமல்ஹாசன் இருக்கிறார், உயரத்தைப் பார்த்தாலே எது முந்தியது என்று சொல்லிவிடலாம்.

ஏமாறும் இடம் ஒப்பனை. சிவாஜி நரைத்த தலையோடு இருந்தால் அது பிந்தைய படம் என்று முடிவு கட்டாதீர்கள், நவராத்திரியில் 1964லேயே ஒன்பது வேடம் போட்டிருக்கிறார். தனி ஆளாக, விசித்திரமான வேடத்தில் சிவாஜி வந்தால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் முதலில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பார்கள். ஹீரோவைவிட, கூட நிற்கிற துணை நடிகரை வைத்து வயதைக் கணக்கிடுவது பத்திரமானது. அவருக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட்டு ஒப்பனை போடுவதில்லை.

நான் எந்த ஸ்டில் போட்டாலும் ரெண்டே நிமிஷத்துல சொல்லிடறாங்க. எதைத் தேர்ந்தெடுக்கணும்?

ஹீரோவும் ஹீரோயினும் சேர்ந்து நிற்கிற ஸ்டில்லை எடுக்காதீர்கள், ஊரே பார்த்த காட்சியை எடுக்காதீர்கள். தில்லானா மோகனாம்பாளில் சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கிற காட்சியைப் போட்டால் புதிரே இல்லை. அதே வரிசையில் பக்கத்தில் இன்னொரு நாதஸ்வரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஏவிஎம் ராஜனை மட்டும் வெட்டிப் போடுங்கள். நாதஸ்வரம் எல்லோருக்கும் தெரியும், இந்த ஆள் யார் என்பதில் மாட்டிக்கொள்வார்கள். பாலையாவைத் தவிலோடு போட்டால் உடனே விழுந்துவிடும், நாகேஷ், மனோரமா போட்டால் அதைவிட வேகமாக.

பாடல் காட்சிகள், சண்டைக் காட்சிகள், நீதிமன்றக் காட்சிகள் வேண்டாம். முதல் இரண்டும் சுலபம், மூன்றாவது எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கும். நல்ல ஸ்டில் என்பது வீட்டுக்குள், இரண்டு துணைப் பாத்திரங்கள் பேசிக்கொண்டிருப்பது, ஓரத்தில் ஒரு தடயம் இருப்பது. தடயமே இல்லாத வெற்று முகத்தைப் போட்டு ஆட்களைத் திணறடிப்பதில் சுவாரஸ்யம் கிடையாது. பார்க்கத் தெரிந்தவர் கண்டுபிடிக்க ஒரு வழியாவது அதில் இருக்க வேண்டும்.

நல்ல க்ளூ எது, மோசமான க்ளூ எது?

இதற்குத்தான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 1954இல் வந்த அந்த நாள் படத்திலிருந்து பண்டரிபாயின் முகம் மட்டும் தெரிகிற ஒரு ஸ்டில் போடுகிறீர்கள். "பாட்டே இல்லாத தமிழ்ப் படம்" என்று முதல் க்ளூ கொடுத்தால் ஆட்டம் முடிந்தது, எந்த வினாடி வினாவிலும் அதுதான் கேள்வி, ஸ்டில்லைப் பார்க்காமலே பதில் வரும். அதற்குப் பதிலாக, "இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் நடக்கிற கதை" என்று ஆரம்பியுங்கள். தேடல் குறுகும், ஆனால் நிற்காது. அடுத்து, "கதாநாயகன் படம் தொடங்கியவுடனே செத்துப்போகிறான்". இப்போது அந்தப் பெண்ணின் முகத்தில் இருப்பது துக்கமா, பயமா, வேறு ஏதாவதா என்று எல்லோரும் திரும்ப ஸ்டில்லுக்கு வருவார்கள். கடைசியாக, "டைரக்டர் ஒரு வீணை வித்வான்". எஸ். பாலசந்தரைத் தெரிந்தவர் அங்கே எழுந்து உட்காருவார்.

இந்த வரிசையில் ஒவ்வொரு க்ளூவும் புதிய திசையிலிருந்து வருகிறது. முதலாவது காலம், அடுத்தது கதை, கடைசி ஆள். ஸ்டில்லைத் திரும்பப் பார்க்க வைக்கிற க்ளூதான் என் கணக்கில் நல்ல க்ளூ. "எம்ஜிஆர் நடித்தது", "வெள்ளிவிழாப் படம்" என்கிற மாதிரி க்ளூக்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முன்னது நூறு படத்துக்கு மேல் பொருந்தும், பின்னதை யாரும் பார்த்தவுடன் சரிபார்க்க முடியாது.

இன்னொரு அழகான க்ளூ வகை உண்டு, தமிழ் சினிமாவுக்கே உரியது. நடிகரின் பெயருக்கு முன்னால் படத்தின் பெயர் ஒட்டிக்கொள்வது. "இதில் அறிமுகமான இருவரோடு இந்தப் படத்தின் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது" என்றால் வெண்ணிற ஆடை, நிர்மலாவும் மூர்த்தியும். குலதெய்வம் ராஜகோபால், நிழல்கள் ரவி என்று இன்னும் பலர் இருக்கிறார்கள்.

பாட்டு வரியை க்ளூவா கொடுக்கலாமா?

கூடாது. பல்லவியில் இரண்டு சொல் போதும், படம் பார்க்காதவரும் சொல்லிவிடுவார். எத்தனை பாட்டு, யார் இசை, யார் பாடினார் என்பதைச் சொல்லலாம், அதுவும் கடைசி க்ளூவாக.

நிலா படம், பூ படம்னு போட்டு பேரைக் கண்டுபிடிக்கச் சொல்றாங்களே, அதுவும் இதுதானா?

அது வேறு விளையாட்டு. அங்கே பெயரின் எழுத்துகளைத்தான் தேடுகிறோம், சினிமாவை இல்லை. குழந்தைகளோடு விளையாட நன்றாக இருக்கும்.

கூகுள் லென்ஸ் போட்டுத் தேடிட்டு வந்து பதில் சொல்றாங்க, என்ன பண்றது? படத்தைத் திருப்பிப் போடலாமா?

முதல் பதிலில் சொன்ன விதியே போதுமான மருந்து. எதைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், லென்ஸில் பார்த்து வந்தவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அதோடு, வெட்டிய சிறு பகுதியைப் போட்டால் லென்ஸுக்குச் சிரமம் கூடும். ஏவிஎம் ராஜனை மட்டும் வெட்டச் சொன்னதில் இந்த லாபமும் இருக்கிறது.

இடம் வலமாகத் திருப்பிப் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை, பார்க்கிறவரை ஏமாற்றுகிற வேலை அது. ஆனால் யாராவது திருப்பியிருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: புடவை முந்தானை வலது தோளில் விழுந்திருக்கும், ஆண்களின் கைக்கடிகாரம் வலது கைக்குப் போயிருக்கும், சட்டைப் பையும் பக்கம் மாறியிருக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரே பேர்ல ரெண்டு படம் இருந்தா?

வருஷத்தோடு சொன்னால்தான் விடை செல்லும். கர்ணன் என்றால் 1964, 2021. ஆயிரத்தில் ஒருவன் என்றால் 1965, 2010. இவற்றில் யாரும் குழம்ப மாட்டார்கள். அம்பிகாபதி அப்படியில்லை, 1937இல் பாகவதர், 1957இல் சிவாஜி, அதே கம்பன் மகன் கதை. உத்தமபுத்திரன் இன்னும் மோசம்: 1940இல் பி.யு. சின்னப்பா, 1958இல் சிவாஜி, இரண்டிலும் ஹீரோவுக்கு இரட்டை வேடம், இரண்டும் அரண்மனைக் கதை. ஸ்டில்லில் ஹீரோ இல்லாமல் சிம்மாசனமும் காவலர்களும் மட்டும் இருந்தால் செட்டையும் துணை நடிகர்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் ஒரே சமயத்துல எடுத்த படம்னா எதைச் சொன்னா சரி?

இதுதான் எங்களிடம் மிக நீளமாகப் போகிற வாதம். 1957இல் வந்த மாயா பஜாரில் சாவித்திரி, எஸ்.வி. ரங்காராவ், என்.டி. ராமராவ் மூவரும் இரண்டு மொழியிலும் இருக்கிறார்கள். அபிமன்யு மட்டும் தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். ஜெமினியோ தங்கவேலுவோ ஸ்டில்லில் இருந்தால் தமிழ் என்று அடித்துச் சொல்லலாம். கடோத்கஜனாக ரங்காராவ் மட்டும் நின்றால், அது எந்த மொழி என்று அந்த ஸ்டில்லை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மிஸ்ஸியம்மாவிலும் இதே நிலைமை, சாவித்திரி மட்டும் இருந்தால் தமிழா தெலுங்கா தெரியாது, பக்கத்தில் ஜெமினியா ராமராவா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் முடிவு: மொழி பிரிக்க முடியாத ஸ்டில்லுக்கு இரண்டு விடையும் சரி. போடுகிறவர் இதை முன்கூட்டியே யோசித்து, இரண்டு மொழிக்கும் வேறாக இருக்கிற ஒருவராவது தெரிகிற ஸ்டில்லாக எடுத்தால் வாதமே வராது.

ஸ்டில்ல இருக்கிற காட்சி படத்துலயே இல்லை. அப்போ விடை தப்புதானே?

அவசியமில்லை. ஸ்டில் தனியாக எடுத்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இது. எடுத்த காட்சியே எடிட்டிங்கில் போயிருக்கலாம், அல்லது விளம்பரத்துக்காகவே ஹீரோவையும் வில்லனையும் அருகருகே நிறுத்தி எடுத்திருக்கலாம். டிவியில் ஒளிபரப்பாகும் பிரதியில் நீளம் குறைக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. உடைகளையும் செட்டையும் படத்தோடு ஒப்பிடுங்கள், அவை பொருந்தினால் விடை சரி.

நெட்ல ஒரே ஸ்டில்லுக்கு ஆளுக்கு ஒரு பேர் போட்டிருக்காங்க. எதை நம்புறது?

படமே கிடைத்தால் படத்தைப் பாருங்கள், அதற்கு மிஞ்சின சாட்சி இல்லை. அடுத்த நம்பிக்கை பாட்டுப் புத்தகம். தியேட்டரில் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் நடிகர் பட்டியல், யார் என்ன பாத்திரம், கதைச்சுருக்கம் எல்லாம் இருக்கும், கதை உச்சத்துக்குப் போகும்போது "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வருஷம், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் விவரங்களுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கத் திரட்டிய தகவல்கள் இருக்கின்றன. பழைய தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஏதோ ஒரு இடத்தில் அவருடைய உழைப்பின் மேல்தான் நிற்கிறார்கள்.

பெயர் போட்டுச் சுற்றுகிற படங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக நகல் எடுத்தவை, பத்து இடத்தில் ஒரே பெயர் இருப்பதால் அது பத்து சாட்சி ஆகிவிடாது.

பிரதியே இல்லாத படத்தோட ஸ்டில்லைப் போடலாமா? யாரும் பார்த்திருக்க முடியாதே

கட்டாயம் போடுங்கள், இந்த விளையாட்டை நான் விடாமல் வைத்திருப்பதற்கே அது ஒரு காரணம். காளிதாஸின் பிரதி இன்று இல்லை. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936இல் தானே இயக்கிய மிஸ் கமலாவும் இல்லை. 30களில் வந்தவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. இவற்றைப் பற்றி நமக்கு இருப்பதெல்லாம் விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள், சில ஸ்டில்கள்தான். ஓட்டிப் பார்க்க முடியாத ஒரு படத்தின் ஸ்டில்லில் உடையையும் முகத்தையும் வைத்து ஐந்து பேர் அரை மணி நேரம் பேசுவது அந்தப் படத்துக்கு இன்று கிடைக்கக்கூடிய ஒரே திரையிடல்.

ஆனால் போடும்போது "பிரதி இல்லாத படம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். க்ளூவையும் கதைச்சுருக்கத்திலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ மட்டும் கொடுங்கள்.

பழைய படம்தானே, ஸ்டில்லை யார் வேணும்னாலும் எடுத்துப் போடலாமா?

இந்தியச் சட்டப்படி சினிமாவுக்குப் பதிப்புரிமை 60 வருஷம், வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. தனியாக எடுத்த புகைப்படத்துக்கு 2012 திருத்தத்திலிருந்து கணக்கு வேறு, எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 வருஷமும். 1965இல் வெளியான சினிமாவுக்கு 2025 முடிவோடு தீர்ந்தது. அதற்குப் பிந்தையவற்றை நண்பர்களுக்குள் புதிராகப் போடுவது ஒன்று, அச்சிட்டு விற்பது வேறு. எப்படியிருந்தாலும், யாராவது ஸ்கேன் செய்து பகிர்ந்ததை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

எங்க வீட்டுல பழைய ஸ்டில் ஒண்ணு இருக்கு, எனக்கே எந்தப் படம்னு தெரியாது. அதைப் புதிரா போடலாமா?

தாராளமாக. ஆனால் "விடை எனக்கும் தெரியாது" என்று எழுதிப் போடுங்கள், க்ளூ எப்போது வரும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இதற்கு மட்டும் எங்கள் விதிகள் எல்லாம் தலைகீழ்: வெட்டாதீர்கள், ஓரம் கிழிந்திருந்தாலும் முழுதாகப் போடுங்கள், நிறம் திருத்தாதீர்கள், கறையைத் துடைக்காதீர்கள். ஸ்கேன் செய்ய முடியாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில், பளபளப்பு அடிக்காமல், நேராக வைத்துப் போட்டோ எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். கம்பெனியின் ரப்பர் முத்திரையோ பென்சிலில் கிறுக்கிய எண்ணோ அங்கே இருந்தால், முன்பக்கத்து முகங்களைவிட அதுதான் சீக்கிரம் விடைக்குக் கொண்டுபோகும்.